கண்ணாடியைத் தட்டியவன் எழுதியது

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பைச் செய்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு நல்லவனைப் போல நடிக்க வேண்டியதில்லை.

காமயகவுண்டன்பட்டியில் ரோஸ்லின் தன் வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். போன ஆவணியில், பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய ஒரு கதையை நகல் எடுக்கப் போனேன். மாதா படத்துக்குக் கீழே இரண்டடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி. தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அடியில் ஊறிய பாதாம் இலைகள், கவிழ்த்து வைத்த ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையை உடைத்துச் செய்த சிறு வாசலில், பாதிச் சுண்டுவிரல் நீளத்தில் மஞ்சளாக ஒரு மீன் நின்று என்னையே பார்த்தது. குட்டை சிக்லிட் என்ற வகையில் பெண் மீன் அது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அது அழகாக இருந்தது, அவ்வளவுதான். பிரியத்தோடுதான் விரலை மடக்கி, கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அந்தக் கொலையை நான் —

(இல்லை. அந்தச் சொல் பெரிது. ஆனால் அடித்த கோடு தெரியட்டும்.)

2

மறுநாள் போனபோது மீனிடம் மஞ்சள் இல்லை. நிறம் வெளுத்து மூலையில் கிடந்தது. முட்டையைக் காக்கும்போதுதான் இந்தப் பெண் மீன் மஞ்சளாகுமாம். முட்டை போட்டிருந்ததாம், தின்றுவிட்டதாம். மிரண்டால் தன் முட்டையைத் தானே தின்றுவிடும் என்று சொன்ன ரோஸ்லின், எதைக் கண்டு மிரண்டது என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு டீ கொடுத்தார்.

மூன்றாம் நாள் தொட்டியின் மேல் லேமினேஷன் செய்த ஒரு தாள் தொங்கியது. ‘கண்ணாடியைத் தட்டாதீர்கள்.’ அந்தத் தொட்டியைக் கடந்து எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். தாள் எனக்குப் பிறகுதான் வந்தது.*

* முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒருவனை நாலு பேர் முன்னால் குறுக வைக்காமல் திருத்துவதற்கு நல்ல மனது வேண்டும். ஆண்டவன் என்னையும் பெரும்பாலும் அப்படித்தான் திருத்தியிருக்கிறான்.

3

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். ‘சுருளி மலையில் மேகம் இறங்கிய ஒரு காலையில்’ என்று ஒன்று. மேகத்துக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.

இன்னொன்று, ‘ரோஸ்லினுக்குக் குழந்தை இல்லை.’ எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அதை நகல் எடுக்க அவரிடமே நீட்டிவிட்டேன். பெயரை மாற்றாதது இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ரெண்டு பிள்ளைக. மூத்தவ ஜெனிபர் தேனியில நர்சிங் படிக்கிறா. ஏண்ணே, பிள்ளை இல்லாதவதான் மீன் வளக்கணுமா?”

என்னால் நிமிர முடியவில்லை. பக்கத்தில் நின்ற அவர் கணவர் அருளப்பன், நல்ல வேளை, என்னைச் சாகடிக்காமல் விட்டீர்களே என்று சிரித்தார். (இரண்டாம் பக்கத்தில் சாகடித்திருந்தேன்.)

பிறகு ரோஸ்லினே உண்மையான காரணத்தைச் சொன்னார். சென்னையிலிருந்து பார்சலில் ஆறு மீன்கள் வரவழைத்தார். வழியில் தாமதமாகி, பையைப் பிரித்தபோது இரண்டுக்குத்தான் உயிர் இருந்தது. ஒரு ஆண், ஒரு பெண். ஆணுக்கு இப்போது இரண்டரை வயது. இந்த வகை மூன்றைத் தாண்டுவது அபூர்வம். அதுவரை இரண்டு தடவை முட்டை பூஞ்சை பிடித்து வெளுத்துப் போனது. மூன்றாம் தடவை நான் வந்தேன்.

“அது போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அதோட குஞ்சு நீந்துறதைப் பாக்கணும். எழுதுறதுன்னா இதை எழுதுங்க.”

4

செய்த தப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனது அரித்தது. எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் இந்த மீனின் முட்டை தேறாது. ரோஸ்லின் அதற்காகப் பிடித்து வைத்த மழைத்தண்ணீரும் தீர்ந்திருந்தது. நான் அமாவாசைதோறும் சுருளித் தீர்த்தத்துக்குப் போகிறவன்; அந்த அருவித் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, ஒரு கேனில் தீர்த்தம் பிடித்து, ஒரு சிட்டிகை விபூதி போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். அந்த அமாவாசைக்கு இரண்டு கேன் எடுத்துப் போனேன். மீனுக்கான கேனில் விபூதியைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். யாரையும் கேட்கவில்லை. நல்லது செய்யும்போது யாரையும் கேட்கத் தோன்றுவதில்லை.

ரோஸ்லின் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, காரத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக வர வேண்டிய தண்ணீர் நீலமாக மாறியது.

“சுருளித் தண்ணி இப்படி வராதே. என்ன போட்டீக?”

(இந்த இடத்தில் வேறொரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். அதில் நான் “ஒண்ணும் போடலையே” என்கிறேன். கேனைச் சரியாகக் கழுவவில்லை போல என்று அவரும் நம்பிவிடுகிறார். இரண்டு பக்கம், நன்றாகவே வந்திருந்தது. அதில் வரும் நான்தான் எனக்குப் பிடிக்கவில்லை.)

“விபூதி” என்றேன்.

அவர் குழாயை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். 

“சாம்பலை நெத்தியில வைக்கணும்ணே. நாங்களும்தான் வருசத்துக்கு ஒருநாள் வைக்கிறோம். மீனுக்கு நெத்தி ஏது?”

வருசத்துக்கு ஒருநாள் என்று அவர் சொன்னது, சர்ச்சில் நெற்றியில் சாம்பல் பூசும் சாம்பல் புதனை. சிரிப்பு அடங்கியதும், அன்றைக்குக் கண்ணாடியைத் தட்டியதும் நான்தான் என்றேன்.

“தெரியும்” என்றார். “அடுத்த தடவை வெறுந்தண்ணி கொண்டாங்க.”

விபூதித் தண்ணீர் வாசல் செம்பருத்திக்குப் போனது. நான் அடுத்த அமாவாசைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சுருளிக்குப் போனேன். எள் இல்லை, விபூதி இல்லை. வெறும் தண்ணீருக்காக மட்டும் அங்கே போனது அதுவே முதல் தடவை. திரும்பும்போது, கோயிலுக்குப் போய்வந்தது போலத்தான் இருந்தது.

5

வாரம் ஒரு கேன் என்று ஐந்து கேன் சுமந்தேன். ஆறாவது வாரம் ரோஸ்லின் போன் செய்தார். “மஞ்சளாயிருச்சு. செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க.”

போனேன். தரை அதிராமல் இருக்க ஜெராக்ஸ் இயந்திரத்தை அருளப்பன் சமையலறைக்கு மாற்றியிருந்தார். நகல் எடுக்க வந்தவர்கள் மிளகாய் தாளிக்கும் புகையில் இருமிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. எல்லோரும் தாளைப் படித்திருந்தார்கள்.

மீன் மஞ்சளாகி இன்றோடு ஆறு நாள். முட்டை பொரித்திருந்தால், நாளையோ மறுநாளோ குஞ்சுகள் நீந்தி வெளியே வர வேண்டும். கிழட்டு ஆண், துடுப்பெல்லாம் கிழிந்து, தொட்டியின் அந்தக் கோடியில் காவல் நிற்கிறது. சிரட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்திரிகைக்காரர்கள் கதையின் முடிவைக் கேட்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

“நீங்க முடிக்கணும்னு அது அவசரப்படுமாண்ணே?” என்று ரோஸ்லின் டார்ச்சை மேசைக்குள் வைத்துவிட்டார்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. குஞ்சுகள் மேகம் போலக் கூட்டமாக —

(பொறுங்கள். அதை நான் இன்னும் பார்க்கவில்லை.)

கதையை இந்த இடத்தில் உங்களிடம் விடுகிறேன். நீங்கள் இப்போது தொட்டிக்கு முன்னால்தான் நிற்கிறீர்கள். சிரட்டை வாசலில் மஞ்சள் மீன் நின்று உங்களையே பார்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த அதே ஆசை உங்களுக்கும் இருக்கும். விரலை மடக்காமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.