ஓட்ஸ், தயிர், தேன், ஒரு மாமியார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக எழுத ஆரம்பித்ததே இல்லை. ஒரு வார இதழிலிருந்து கூப்பிட்டு, "வீட்டுல இருக்கற சாமானை வச்சு முகத்துக்கு ஸ்க்ரப் மாதிரி ஏதாவது பண்றது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்களேன்" என்றார்கள். எனக்கும் என் முகத்துக்கும் உள்ள உறவு காலையில் ஒரு கை தண்ணீரோடு முடிந்துவிடும். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

உட்கார்ந்து, "ஓட்ஸை மிக்ஸியில் நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள்" என்று முதல் வரியை எழுதினேன். எழுதியதுமே எங்கோ மிக்ஸி ஓடும் சத்தம். ஒரு சமையலறை தெரிந்தது. ஒருத்தி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இன்னொருத்தி, எதுவும் கேட்காதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அதோடு என் கட்டுரை கெட்டது.

2

எப்படித் தொடங்குவது?

"கண்ணாடி முன் நின்றவள், காலம் தன் முகத்தில் வரைந்திருந்த கோடுகளை" (வேண்டாம். கண்ணாடி முன் நின்று இத்தனை கதைகளில் இத்தனை பேர் பெருமூச்சு விட்டாகிவிட்டது.)

"மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம்." (இதுவும் வேண்டாம். இப்படி எழுதினால் இருவரும் எனக்காகவே சண்டை பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இவர்களுக்குள் சண்டை கிடையாது. அதுதான் பிரச்சினையே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் மாதிரி மரியாதையாக இருந்தார்கள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மாமியார் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பயணிகள் எல்லாரும் பஸ்ஸக்கா என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் பாதி கடலில்தான். மருமகள் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். ஆக, மூன்றாவது மாடியில் அந்த வீட்டில் இரண்டு பெண்கள். "சாப்பிட்டீங்களா அத்தை?" "ஆச்சும்மா." அவ்வளவுதான் பேச்சு.

3

மருந்துக் கடைக்குப் பக்கத்திலேயே மூக்குக் கண்ணாடிக் கடை. அதை நடத்துகிறவர் கொஞ்சம் வழுக்கை, நிறையப் பொறுமை. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனை வேண்டுமென்று பஸ்ஸக்கா அவரிடம் போனாள்.

"கடைசி வரியைப் படிங்க."

படித்தாள். படித்துவிட்டு, "அதுக்கும் கீழ அச்சகத்தோட பேரு போட்டிருக்கு. அதையும் படிக்கட்டுமா சார்?" என்றாள்.

கண்ணாடிக்காரர் எழுந்து போய் அட்டைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். இருந்தது. அதைத் தொங்கவிட்ட நாளிலிருந்து அவரே கவனித்ததில்லை.

அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. இவ்வளவு நல்ல கண் உள்ளவள் மறுபடி கடைக்கு வரவே மாட்டாள். அதனால் அவர் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார். அந்தப் பஸ் போகும் திசையில் அவருக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவார். ஏறும்போது ஒரு வணக்கம், இறங்கும்போது ஒரு வணக்கம்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஆள் நல்லவர்தானா? இரண்டு பக்கம் எழுதி அவரைச் சோதித்துப் பார்த்தேன். பஸ்ஸில் கைப்பிள்ளைக்காரிக்கு எழுந்து இடம் கொடுத்தார். சில்லறைக்குத் தகராறு செய்யவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.)

கடைசியில் மருந்துக் கடைக்கு வந்து, இருமல் மருந்து கேட்கிற குரலில், "உங்க அத்தையைப் பாக்க ஒரு நாள் வீட்டுக்கு வரலாமாம்மா?" என்றார். மருமகள் யோசிக்காமல், "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க சார்" என்றுவிட்டாள்.

அத்தையிடம் ஞாயிறு காலையில்தான் சொன்னாள். பஸ்ஸக்கா துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். மத்தியானம் சமையலறை வாசலில் வந்து நின்று, கதவு நிலையைப் பார்த்தபடி கேட்டாள்:

"முகத்துக்கு என்னமோ போடுவியே... அது என்ன?"

4

இதழாசிரியருக்காகச் செய்முறை: பொடித்த ஓட்ஸ் இரண்டு கரண்டி, அரிசி மாவு ஒன்று, குழைக்கிற அளவு தயிர், கொஞ்சம் தேன். நனைத்த முகத்தில் விரல் நுனியால் மெல்ல வட்டமாகத் தேய்த்து, அப்படியே காயவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவவும்.*

* எலுமிச்சைச் சாறு வேண்டாம், எரியும். கரகரப்பான சர்க்கரையும் வேண்டாம், கீறும். அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு தோலும் போய்விடும். திருத்தித் திருத்தி எழுதுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

மருமகள் தேய்த்துவிட்டாள். அத்தையின் முகத்தை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை. பஸ் ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெயிலும் புழுதியும் பட்டுச் சொரசொரத்திருந்தது. மற்றக் கன்னம் மெத்தென்றிருந்தது. ஒரே முகத்தில் இரண்டு பேர் குடியிருப்பது போல.

"அவரு தினம் ஆளுங்க மூஞ்சிய இவ்வளவு கிட்டத்துல பாக்கறவரு" என்று பஸ்ஸக்கா ஒரு சாண் காட்டினாள். "அதான்..."

"பேசாதீங்க அத்தை. காயும்போது பேசினா விரிசல் விடும்."

மருமகளும் பூசிக்கொண்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பூச்சு இறுகியது. உதடு அசைக்க வழியில்லை. உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகம் என்று பழைய புலவர்கள் ஒன்று வைத்திருந்தார்களே, அந்த நிலைமை. 'ப'வும் வராது, 'ம'வும் வராது. ஆனால் பஸ்ஸக்காவின் கேள்வி ஓர் எழுத்தும் சிதையாமல் வந்தது:

"யாரைக் கேட்ட?"

மருமகள் கன்னத்துப் பூச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு வரச் சொன்ன? நான் இங்க இருக்கறது உனக்குப் பாரமா இருக்கா? தள்ளிவிடப் பாக்கறியா?" (இதில் பாதி எழுத்துகள் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டன. படிக்கிறவர்களின் வசதிக்காக முழுசாகத் தருகிறேன்.)

மருமகளுக்குப் பொறுக்கவில்லை. விரிசல் விட்டால் விடட்டும் என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"ராத்திரி டிவியில நியூஸ் வாசிக்கறவர் இருக்காரே, அவரோட நீங்க தினம் பேசறீங்க அத்தை. 'இன்னிக்கு சிக்னல்ல ஒருத்தன் குறுக்க பூந்துட்டான் சார்'ங்கறீங்க. 'முட்டி வலிக்குது சார்'ங்கறீங்க. அந்த ஆளு ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டேங்கறான். நான் உள்ள படுத்துக்கிட்டுக் கேட்டுட்டே இருக்கேன். எழுந்து வந்து உங்க பக்கத்துல உக்காரலாம்னு தோணும். உக்காந்தா பேச்சை நிறுத்திடுவீங்களோன்னு பயம்."

பஸ்ஸக்காவின் கண்களிலிருந்து (நிறுத்து. இப்போது கண்ணீர் வந்தால் ஓட்ஸ் கரையும்.)

பஸ்ஸக்கா டிவி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அவன் பதில் சொல்லலேன்னா என்ன? டை நல்லா கட்டுவான்" என்றாள்.

மருமகளின் மூக்கோரம் ஒரு விரிசல் விழுந்தது. அத்தையின் நெற்றியில் ஒன்று. அப்புறம் இருவர் முகமும் கோடைக்கால ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்தது. சிரிப்பை அடக்க இருவரும் கன்னத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததில் பூச்சில் கொஞ்சம் கையோடு வந்துவிட்டது.

5

கழுவப் போனார்கள். குழாய் 'ஸ்ஸ்' என்று காற்றை விட்டது. மொட்டை மாடித் தொட்டியைக் கழுவுகிறார்களாம். வாளியிலும் பொட்டுத் தண்ணீர் இல்லை.

அழைப்புமணி அடித்தது. மணி மூன்றுதான்.

மருமகள் கதவைத் திறந்தாள். வாசலில் கண்ணாடிக்காரர், இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆரஞ்சுப் பழப் பை. "வழியில நெரிசல் இருக்கும்னு சீக்கிரமே கிளம்பினேன். நெரிசலே இல்ல" என்றவர், அவளை நிமிர்ந்து பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். அவளுக்குப் பின்னால் இன்னொரு வெடித்த வெள்ளை முகம் எட்டிப் பார்த்தது.

"நான்... அப்புறமா வரட்டுமா?"

(இங்கே அவரைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். சோகக் கதைகளுக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் பஸ்ஸக்கா எனக்கு முந்திக்கொண்டாள்.)

"வந்ததுதான் வந்தீங்க. கீழ்வீட்டுல ஒரு வாளி தண்ணி வாங்கிட்டு வாங்க சார்!"

பழப் பையை வைத்துவிட்டுப் போனார். மூச்சிரைக்க, பாதிக் கால்சட்டை நனைந்து, முக்கால் வாளியோடு திரும்பினார். வாளி கனம், அவரே குவளையில் மொண்டு ஊற்ற வேண்டியதாயிற்று. பஸ்ஸக்கா குனிந்து முகம் கழுவினாள். அடுத்தவர் ஊற்ற அவள் முகம் கழுவி எத்தனையோ காலம் ஆகியிருக்கும். மெதுவாகவே கழுவினாள்.

துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எப்படி சார் இருக்கு? பரிசோதனை பண்ற மாதிரியே சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தார்.

"அன்னிக்கு இந்தக் கன்னம் கோணிச் சாக்கு மாதிரி இருந்துச்சு."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு?"

"இன்னிக்குத் துணிப் பை மாதிரி இருக்குங்க. நல்ல துணி."

பஸ்ஸக்கா சிரித்த சிரிப்பில், தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஆட்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன. ஒன்றில் கல்யாணம், வாசிக்கும்போதே கொட்டாவி வந்தது. இன்னொன்றில் பஸ்ஸக்கா, "நண்பர்களா இருப்போம் சார்" என்கிறாள். அவரது முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்றாவதில் மகன் கப்பலிலிருந்து போன் செய்கிறான். இத்தனை நாள் தலை காட்டாதவனுக்கு இப்போது என்ன அவசரம்?

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள். "கடற்கரை வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார். பஸ்ஸக்கா மருமகளைப் பார்த்தாள். "போயிட்டு வாங்க அத்தை. வந்து எங்கிட்ட எல்லாம் சொல்லணும், ஒண்ணு விடாம" என்றாள் மருமகள்.

"நீ உள்ள படுத்துக்கக் கூடாது. வெளிய வந்து உக்காந்து கேக்கணும்" என்றாள் பஸ்ஸக்கா.

கீழே அவருடைய பழைய கார் நின்றது. அவர் சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "நீங்க ஓட்றீங்களா? இல்ல, நான் ஓட்டட்டுமா?"

ஊரையே ஏற்றி இறக்கியவளிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. பஸ்ஸக்கா காரைச் சுற்றிப் பாதி தூரம் நடந்து, நடுவில் நின்றாள். ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தால் கை பழகிய இடம். மறுபக்கம் உட்கார்ந்தால், வழி பார்க்கிற கவலை இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

நான் இரண்டு கதவையும் திறந்து எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் அவள் சிரித்தபடிதான் ஏறுகிறாள். பால்கனியிலிருந்து மருமகள், "அத்தை, புருவத்துல ஓட்ஸ்!" என்று கத்துகிறாள். பஸ்ஸக்கா துடைத்துக்கொள்ளவில்லை.

கதவுகள் பூட்டியில்லை. எந்தப் பக்கம் என்று நீங்களே திறந்துவிடுங்கள்.