ஐந்து எலும்புக் கடற்கரை

நாய் மனிதனை நம்பிப் பின்னால் வந்த நாளில்தான் நாகரிகம் பிறந்தது. அவர்கள் இருவரும் சேர்ந்து நடந்த தடம்தான் உலகத்தின் முதல் சாலை.

இந்த இரண்டு வாக்கியங்களை ஸ்கேல் சார் எழுதி முடித்தபோது மாலை ஐந்தே முக்கால். இரண்டு கால்களையும் ஸ்டூலின்மேல் நீட்டியிருந்தார். அவருடைய நாய் அப்போது வீட்டில் இல்லை. அவர் மனைவியோடு நடக்கப் போயிருந்தது.

ஸ்கேல் சார் நகரமைப்பு அலுவலகத்தில் தலைமை வரைபடக்காரர். இருபத்தாறு வருடங்களாகத் தெருக்களையும் சாக்கடைகளையும் கடலோரத்தையும் காகிதத்தில் இறக்கிவருகிறவர். வீட்டில் முருங்கை ஒடிப்பதென்றாலும் அளந்துதான் ஒடிப்பார் என்று குடியிருப்பில் யாரோ கிளப்பிவிட, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பின் மாத மடலுக்கு ஆசிரியரும் அவர்தான். நான்கு பக்கம். தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி, லிஃப்ட் பழுது, காணாமல்போன குடை. இதை வைத்துக்கொண்டு எப்படி மக்களின் தரத்தை உயர்த்துவது என்று அவர் வெகுநாளாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

வாய்ப்பு நாய்களின் வடிவில் வந்தது. பத்தொன்பது வீடுகளில் நாய் இருந்தது. பத்தொன்பதும் ஒரே புல்தரையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றையொன்று பார்த்துக் குரைத்து அலுத்துவிட்டன. பக்கத்தில் நாயை அழைத்துப் போக வேறு இடமே இல்லையா, யாராவது விசாரித்து எழுதக்கூடாதா என்று கூட்டத்தில் பேச்சு எழுந்ததும் ஸ்கேல் சார் தொண்டையைக் கனைத்தார்.

அவர் விசாரித்த விதம் இது. அலுவலக வரைபடத் தாள்களைச் சாப்பாட்டு மேசைமீது விரித்தார். குடியிருப்பின்மேல் காம்பஸின் முள்ளை ஊன்றி, இருபது நிமிட நடைக்கு ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் வாய்க்கால் கரை ஒன்று வந்தது. ரயில் பாதையோர ஒற்றையடிப் பாதை, நீரேற்று நிலையத்தின் பின்பக்கம், பழைய பூங்காவின் மதிலோரம் ஆகியவையும் வந்தன. மரத்துக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் நெருக்கமாக இருந்த இடத்தில் ‘நிழல் தாராளம்’ என்று எழுதினார். புள்ளி இல்லாத இடத்தில் ‘காற்றோட்டம்’ என்று எழுதினார். ஒவ்வொரு வழிக்கும் ஐந்துக்கு இத்தனை எலும்பு என்று மதிப்பெண் போட்டார். அந்த யோசனை தோன்றியபோது தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

பதினான்காம் தாளில்தான் பொக்கிஷம் இருந்தது. மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால், பிறை நிலாபோல ஒரு மணல் கரை. நீளம் நானூறு மீட்டர், அகலம் அறுபது. ‘கூட்டமே இல்லாத, இத்தனை நாள் நம் கண்ணில் படாமலே கிடந்த கடற்கரை. நாயை அவிழ்த்துவிட்டு நீங்கள் கவலையின்றி உட்காரலாம்’ என்று எழுதி, ஐந்து எலும்பும் கொடுத்தார்.

மடல் அச்சாகி வந்ததும் அவர் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார்.

“இங்கெல்லாம் நீங்க எப்பங்க போனீங்க?”

நடக்கிறவனுக்குக் காலடி மட்டும்தான் தெரியும், வரைகிறவனுக்கு ஊரே தெரியும் என்று ஸ்கேல் சார் விளக்கினார்.

“அப்ப நாளைலருந்து ஜட்ஜையும் பேப்பர்லயே கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்கு முட்டி வலிக்குது.”

ஜட்ஜ் என்பது நாய். எதைக் கண்டாலும் தீர்ப்பை ஒத்திவைத்ததுபோல் ஒரு முகம் அதற்கு.

அடுத்த பத்து நாள் ஸ்கேல் சாருக்குக் கால் தரையில் படவில்லை. லிஃப்டில் ஏறியவர்களெல்லாம் பாராட்டினார்கள். ஜட்ஜ் கொடுத்துவைத்த நாய் என்றார் ஒருவர். அதற்குப் பிடித்த வழி எது என்று இன்னொருவர் கேட்டபோது, “வாய்க்கால் கரைதான், விட்டா வரமாட்டான்” என்று சற்றும் தயங்காமல் சொன்னார். சொன்ன பிறகு, அது உண்மையாகவே நடந்ததுபோல் அவருக்கு ஒரு நிறைவுகூட ஏற்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மனைவி கடைக்குப் போய்விட்டு வந்து, பையைக் கீழே வைக்காமலே விஷயத்தைச் சொன்னார். மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா, காலையில் பத்து மணிக்கு மடலைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் பட்டனோடு அந்தக் கடற்கரைக்குப் போயிருக்கிறார். பட்டன் என்பது ஒன்பது வயதான குட்டை நாய். அவர் தனியாக இருக்கும் வீட்டில் அதுதான் இன்னொரு ஆள். பிறையின் கடைசி வரை நடந்துவிட்டுத் திரும்பினால், வந்த வழியைக் காணோம். தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாறைகளில் ஏறியவர் வழுக்கி விழுந்திருக்கிறார். அவருக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. பட்டனின் பின்னங்கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வந்து இருவரையும் மீட்டிருக்கிறார். நாய்க்கு இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. இந்த வயதில் கால் நேராகக் கூடுமா என்று சொல்வதற்கில்லையாம்.

ஸ்கேல் சார் எழுந்துபோய்ப் பதினான்காம் தாளை எடுத்தார். இடது கீழ் மூலையைப் பார்த்தார். ‘இதில் காட்டியிருப்பது ஆண்டிலேயே கடல் மிக அதிகமாக வற்றும் நேரத்துக் கரை’ என்று அங்கே எழுதியிருந்தது. அலுவலகத்தில் கடலோரத் தாள் ஒவ்வொன்றிலும் அந்த வரி இருக்கும். இருபத்தாறு வருடங்களாக அதை எழுதிவருபவரும் அவர்தான். கையெழுத்துப் போடுகிறவன் தன் பெயரைப் படிப்பதில்லையே, அதுபோல அந்த வரியை அவர் கை எழுதுமே தவிர, கண் படித்ததில்லை. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

மறுநாள் மாலை பல் டாக்டரம்மாவே மேலே வந்தார். வலது கையைத் துணித்தொட்டிலில் மாட்டியிருந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று ஸ்கேல் சார் எழுந்து நின்று தயாரானார். அவரோ இடது கையால் ஒரு கடிதத்தை நீட்டினார். எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. நடந்தது முழுக்கத் தன் கவனக்குறைவு, மடலில் வந்த கட்டுரை மிக அருமையானது, தன்னால் யாரும் பயந்துவிட வேண்டாம், ஆசிரியர் மன்னிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அடுத்த இதழில் போட வேண்டுமாம்.

“நீங்க ஜட்ஜைக் கூட்டிட்டுப் போனப்ப மணி என்ன இருக்கும் சார்? அதையும் கீழ போட்டுட்டீங்கன்னா மத்தவங்களுக்கு உதவியா இருக்கும். நான்தான் நேரங்கெட்ட நேரத்துல போயிட்டேன்.”

சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றதை ஸ்கேல் சார் முதுகாலேயே உணர்ந்தார்.

“காலைல,” என்றார். “ஆறு மணி இருக்கும்.”

மனைவி உள்ளே போய்விட்டார். ஒரு பாத்திரம் உருளவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. முப்பது வருடக் குடித்தனத்தில் அந்தச் சத்தத்தைவிட மோசமான வசவை அவர் வாங்கியதில்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரு மழைநீர் வாய்க்காலைப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை வழியாகக் கொண்டுபோனார். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் படிப்பார், மடித்து வைப்பார். அதில் ‘மன்னிக்க’ என்ற சொல்லுக்கு மட்டும் டாக்டரம்மா இரண்டு முறை முயன்று, ஒன்றை அடித்திருந்தார். இடது கையால் எழுதுவது அத்தனை சிரமம்.

புதன்கிழமை லிஃப்டில் இன்னொரு இடி விழுந்தது. ஆறாம் மாடித் தம்பதியும் கணினி வேலை பார்க்கும் ஒருவரும் வரும் ஞாயிறன்று நாய்களோடு அங்கே போவதாக முடிவாகியிருந்தது. ஆறு மணிக்குப் போனால் ஒன்றும் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னாராம். சாரே சொன்னாராம்.

பொய் எப்போதாவது தற்செயலாக உண்மையாகிவிடுவதுண்டு. அப்படி ஏதும் அதிர்ஷ்டம் இருக்கிறதா என்று பார்க்க, வியாழக்கிழமை விடியலில் ஸ்கேல் சார் கடற்கரைக்குக் கிளம்பினார். மனச்சாட்சிக்காக ஜட்ஜின் கழுத்துப்பட்டையையும் கையில் எடுத்தார். ஜட்ஜ் வாசல் வரை வந்து, உட்கார்ந்துகொண்டு, அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தது. அதன் தொடை நடுங்கியது.

“உங்க கையில பட்டையைப் பாத்தாலே அவனுக்கு ஊசி ஞாபகம்தான் வரும்,” என்றார் மனைவி. “வேற எதுக்குங்க நீங்க அவனை வெளிய கூட்டிட்டுப் போயிருக்கீங்க?”

அவர் யோசித்துப் பார்த்தார். வேறு எதற்கும் இல்லை.

இருபது நிமிட நடை ஐம்பது நிமிடம் எடுத்தது. காம்பஸின் முள்ளுக்கு ஐஸ் ஃபேக்டரியின் மதில் ஒரு பொருட்டல்ல. கால்களுக்கு அது பெரும் பொருட்டாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஜட்ஜ் நின்று, மருத்துவமனை எந்தப் பக்கமிருந்து வரப்போகிறது என்று முகர்ந்து பார்த்தது. கடைசியில் மதிலைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அங்கே கரை என்று ஒன்று இல்லை. கடல் நேராக வந்து மதிலின் அடிக்கல்லில் மோதிக்கொண்டிருந்தது. பாறைமேல் ஒருவர் பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு தூண்டில் போட்டிருந்தார்.

இங்கே மணல்வெளி இருக்கும் என்றார்களே என்று ஸ்கேல் சார் விசாரித்தார்.

தூண்டில்காரர் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்றார். கடலுக்கு ஆபீஸ் நேரம் கிடையாது, ஏற்றமும் இறக்கமும் தினமும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளிப்போகும்; அரைகுறையாகக் கொஞ்சம் மணல் தெரியும், முழுதாகத் தெரிவது வருஷத்தில் நாலைந்து நாள்தான் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு ஜட்ஜைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“போன ஞாயித்துக்கிழமை ஒரு அம்மா, பாவம், இப்படித்தான் நாயோட வந்து மாட்டிக்கிட்டாங்க. எவனோ ஒரு மடையன் பேப்பர்ல எழுதி வச்சிருக்கான். இடுப்பளவு தண்ணியில நிக்கிறாங்க, அந்தப் பேப்பரை மட்டும் நனையாம தூக்கிப் பிடிச்சிருக்காங்க. திரும்பிப் போற வழி அதுலதான் இருக்காம்.”

“இப்பல்லாம் கண்டவனும் எழுத ஆரம்பிச்சுட்டான்,” என்றார் ஸ்கேல் சார்.

சொன்னது தன் வாய்தான் என்பது அவருக்கு இரண்டு விநாடி கழித்தே உறைத்தது. காது மடல் சுட்டது. தூண்டில்காரர் ஆமோதித்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு அங்கே நிற்க முடியாமல் நாயை இழுத்துக்கொண்டு திரும்பினார். வீட்டுப் பக்கம் திரும்பியதும் ஜட்ஜ்தான் அவரை இழுத்துப் போயிற்று.

அன்று மாலை மூன்றாம் மாடிக்குப் படியிறங்கினார். டாக்டரம்மா தரையில் ஒரு மெத்தையருகே உட்கார்ந்திருந்தார். பட்டன் வெள்ளைக் கட்டோடு படுத்திருந்தது. அவரைக் கண்டதும் அது வாலை ஆட்டிற்று. ஆட்டாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“உங்க லெட்டரைப் போட முடியாதும்மா.”

எழுத்து புரியவில்லையா, வேண்டுமானால் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

“அதில்ல. நான் அங்க போனதே இல்ல.”

“எங்க?”

“அந்தக் கடற்கரைக்கு. மத்த நாலு வழிக்கும்கூடத்தான். எல்லாம் வரைபடத்தைப் பாத்து எழுதினது.”

“அப்ப ஆறு மணி?”

“வாயில வந்துடுச்சு.”

டாக்டரம்மா சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல அவரை வெகுநேரம் பார்த்தார்.

“வாய்க்குள்ள என்னென்ன இருக்கும்னு இருபது வருஷமா பாத்துட்டிருக்கேன் சார். இந்த மாதிரி ஒண்ணை இப்பதான் பாக்குறேன்.”

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. கடிதத்தைத் திருப்பி வாங்கி நாலாகக் கிழித்தார்; இடது கை என்பதால் அதற்கும் நேரம் பிடித்தது. இப்போது சொன்னதை அப்படியே எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் லிஃப்டில் ஒட்டிவிடச் சொன்னார். தன்னால் ஆகக்கூடியது வேறு ஏதாவது உண்டா என்று ஸ்கேல் சார் கேட்டார். பட்டனைத் தினமும் மூன்று வேளை கீழே தூக்கிப்போக வேண்டும், தன் கைக்குத் தெம்பில்லை என்றார் டாக்டரம்மா. நான்கு வாரம்.

அறிவிப்பை எழுத உட்கார்ந்தார். ‘வரைபடங்களின் நெடிய வரலாற்றில்’ என்று பேனா தானாகவே தொடங்கியது. மனைவி பின்னால் நின்றபடி பேனாவை வாங்கி ஒன்றரைப் பக்கத்தை அடித்தார். மூன்று வாக்கியம் மிஞ்சியது: ‘மடலில் எழுதிய எந்த இடத்திலும் நான் நடந்ததில்லை. அந்தக் கடற்கரை பெரும்பாலும் தண்ணீருக்குள் இருக்கிறது. யாரும் போக வேண்டாம்.’

வெள்ளிக்கிழமை காலை அதை ஒட்டிவிட்டு, பட்டனை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி வழியாகவே இறங்கினார். லிஃப்டில் அப்போது நான்கு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். கீழே புல்தரையில் மற்ற நாய்க்காரர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். யாரும் குட்மார்னிங் சொல்லவில்லை. பட்டன் மூன்று காலில் நின்று, அவர் கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டு, வந்த வேலையை முடித்தது. அதை அள்ளியெடுக்க டாக்டரம்மா சில பிளாஸ்டிக் பைகளை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

எப்படி எடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து உரக்கச் சொல்லிக்கொடுத்தார். ஸ்கேல் சார் இரண்டு பைகளை வீணாக்கினார்.