நாற்பது எம்.எம்.

"முதல்ல ஆஃப் பண்ணு. அப்புறம் வாய் கீழ பாக்கற மாதிரி புடி. உள்ள தூசி போச்சுன்னா செத்தும் உன்ன விடமாட்டேன்" என்றாள் அக்கா.

அவன் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, பொத்தானை அழுத்திக்கொண்டே லென்ஸைத் திருகினான். இருபத்து நாலு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாம் மாடி உயரத்தில், கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு கம்பிவடத்தைத் தடவிப் பார்க்கிற கை அது. இந்தச் சாண் நீள லென்ஸைக் கழற்றுவதற்குள் வியர்த்துவிட்டது. பழைய கேமராக்களில் உள்ளே ஒரு கண்ணாடி இருந்து மறைத்துக்கொள்ளுமாம். இதில் கண்ணாடி கிடையாது. லென்ஸை எடுத்தால் நேரே உயிர்நாடிதான் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"கழட்டிட்டேன்."

"தொறந்து வெக்காத. மூடியப் போடு. பையில இருக்கறத எல்லாம் இங்க எடுத்து வை."

நேற்றுவரை அவள் அந்தப் பெரிய லென்ஸோடுதான் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு அடியில் இரண்டு தலையணைகள் முட்டுக்கொடுத்திருந்தன. இன்று காலை மாடி வீட்டு டெய்லர் பார்க்க வந்தபோது அவள் மணிக்கட்டு மடங்கி, கேமரா நெஞ்சின்மேல் விழுந்துவிட்டது. வலியில் அக்கா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். தன்னைத்தான் சொன்னாள் என்று நினைத்து டெய்லர் எழுந்து போய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. "வயித்துல இருக்கற கட்டி எனக்கு முன்னாடி கிளம்பாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் இங்க எதுக்கு? வீட்டுக்குப் போலாம்" என்று அவளேதான் கிளம்பினாள். மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்கள் முகத்தையும் கழற்றி வைத்துவிட்டு, சாவு வீட்டுக்கென்று வைத்திருக்கிற வேறொன்றை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றார்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்கள். "இளைச்சுட்டியேம்மா" என்றார்கள்.

இரண்டாம் நாள் அக்கா கேமராவைக் கேட்டாள்.

"எல்லாரும் என்னப் பாக்க வராங்க இல்ல? நானும் அவங்களப் பாக்கறேன். சரிக்குச் சரி."

சத்தம் வராமல் எடுக்கவும் அந்தக் கேமராவில் வழியுண்டு. அவன் அதைப் போடப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். "சத்தம் போடட்டும். எடுத்தா எடுத்தது தெரியணும். நான் என்ன திருடியா?"

இன்று காலைவரை இருபத்தொன்பது பேர். சிலர் படமெடுக்கிறாள் என்று தெரிந்ததும் தலைமுடியைச் சரிசெய்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே, தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றாள். சிலர் இரண்டாம் தடவை வரவேயில்லை. "லிஃப்டை நிறுத்திவைடா. நிஜமாப் பாக்க வர்றவன் படியேறி வரட்டும்" என்றாள் அக்கா. அது அவன் கையில் இருந்த காரியந்தான். செய்திருந்தால் வேலை போயிருக்கும். ஒரு நிமிடம் யோசித்தும் பார்த்தான்.

அவன் லென்ஸ்களை வரிசையாகப் போர்வையின்மேல் வைத்தான். கழற்றியதோடு சேர்த்து நாலு. அக்கா முப்பது வருடமாக எடுத்த கல்யாணப் படங்களில், கடைசி ஐந்து வருடத்தின் சொத்து இது.

குழாய்போல நீண்டிருந்ததை விரலால் தள்ளினாள். "இது சம்பந்தி வீட்டுக்காரன் மாதிரி. கனம் ஜாஸ்தி. தூரத்துல இருந்தாத்தான் நல்லாத் தெரியும்."

அவன் சிரித்தான். கழற்றிவைத்த பெரியதைக் காட்டினான்.

"அது அரசாங்க உத்தியோகம். சோறு போடும். இத்தன நாள் போட்டுச்சு. இப்ப தூக்க முடியல, விடு."

"இது?"

"எண்பத்தஞ்சு எம்எம்மா? அது பொய் சொல்லும்டா. பின்னாடி இருக்கற குப்பையெல்லாம் கரைச்சிட்டு மூஞ்சிய மட்டும் மெழுகு மாதிரி காட்டும். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சரி. என் ரூம்ல எதக் கரைக்கறது? மருந்தையா, பக்கெட்டையா? இருந்துட்டுப் போகட்டும்."

மிஞ்சியது பிஸ்கட் தடிமனில் ஒரு குட்டி. ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி இருந்தது.

"நாப்பது எம்எம். பாக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா ஏமாத்தாது. உன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதேதான். மூஞ்சி வேணும்னா கிட்ட போயே ஆகணும், வேற வழி இல்ல. போடு அத."

அதைப் பூட்டியபோது கேமரா கையிலே இருப்பதே தெரியவில்லை. அக்கா ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது. அவள் முகம் ஜெயித்தவள் முகம்போல ஆனது. ஜன்னல் பக்கம் திருப்பி, "ரெண்டுல வை. அறை இருட்டு" என்றாள். அவன் அந்த எண்ணுக்குத் திருப்ப, லென்ஸின் வாய் முழுசாகத் திறந்தது.

பதினொரு மணிக்கு அண்ணன் வந்தார்.

பதினான்கு வருடம் கழித்து வருகிறார். மகள் கல்யாணத்துக்கு அவர் அக்காவை அழைத்தபோது, "விருந்தாளியா வா. கூலிக்கு வந்தவங்களோட கேமராவ மாட்டிக்கிட்டு நிக்காத, எனக்கு அசிங்கம்" என்று சொல்லியிருந்தார். அக்கா போகவேயில்லை. அன்றைக்கு வேறொரு மண்டபத்தில், யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இவளும் அங்கே போகவில்லை, அவரும் இங்கே வரவில்லை. இடையில் ஓடியதெல்லாம் அவன்தான்.

அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அறுபது வயது. சட்டை கஞ்சி போட்டு விறைத்திருந்தது. பின்னால் அண்ணி.

"எப்படி இருக்க?" என்றார்.

அக்கா கேமராவைத் தூக்கினாள். அவர் கையை முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன பழக்கம்? வர்றவங்களையெல்லாம் அவமானப்படுத்தறியாமே. கேள்விப்பட்டேன்."

"கைய எடு அண்ணா."

"எடுக்க மாட்டேன். நீ அதக் கீழ வை. இந்த நெலமையிலயும் உனக்கு என்ன வீம்பு?"

"வேற எது மிச்சம் இருக்கு, சொல்லு?"

அவர் திரும்பி நின்றுகொண்டார். அக்கா எடுத்தாள். சத்தம் கேட்டது. அவர் தோள் அசைந்தது.

"முதுகும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அண்ணன் கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அண்ணி மட்டும் நின்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியவள் இல்லை. அவள் குரலே அவனுக்குச் சரியாக நினைவில்லை. அவள் நாலு எட்டு நடந்து கட்டிலோரத்துக்கு வந்தாள். யாரும் அத்தனை பக்கத்தில் வந்ததில்லை. சேலையின் தோள்மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க பாக்கணும்?"

"என்னப் பாருங்க அண்ணி."

அண்ணி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எடுத்து முடித்ததும் அக்காவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விலக்கிவிட்டுப் போனாள்.

அதுதான் அக்கா எடுத்த கடைசிப் படம்.

அதற்குப் பிறகு அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டாள். கேமரா வயிற்றின்மேல் கிடந்தது, வார் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அவன் அதை எடுக்கப் போனபோது விரல்கள் இறுகின. விட்டுவிட்டான். ஒரு மணிக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் குடித்தாள். இரண்டு மணிக்கு மேல் மூச்சு எட்டி எட்டி வரத் தொடங்கியது. ஒன்று வரும், வெகு நேரம் கழித்து அடுத்தது வரும். அவன் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தான். ஒன்று வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தான். பக்கத்துக் கட்டடத்தில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்து முடித்து, சுத்தியலைக் கீழே போடுகிற சத்தமும் கேட்டது. அப்போதும் அவன் காத்திருந்தான்.

கீழ்வீட்டு டாக்டர் வந்து பார்த்து, மணியைக் குறித்துக்கொண்டு போனார். இரண்டு ஐம்பது.

பிறகு எல்லாம் அண்ணன் கைக்குப் போனது. வண்டிக்குச் சொன்னார். யார் யாருக்கோ போன் பண்ணினார். எதிர்வீட்டு பால்கனியில் இரண்டு பேர் எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அக்காவின் மணிக்கட்டிலிருந்து வாரைக் கழற்றி, கேமராவை அலமாரியில் வைத்தார். மருந்து பாட்டில்களும் பக்கெட்டும் அறையை விட்டுப் போயின. அவனுக்கு ஒரு வேலையும் மிஞ்சவில்லை. சுவரோரம் நின்றான்.

நாலு மணிக்குச் சித்தப்பா மகன் வந்தான். அறை வாசலிலேயே நின்றுவிட்டான். முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலே போனை உயர்த்தி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, எடுத்தான்.

"வெளியூர்ல இருக்கறவங்க கேட்டாங்க. அனுப்பிடறேன்" என்று அண்ணனிடம் சொன்னான். அண்ணன் தலையாட்டினார்.

சுவரோரம் நின்றவன் போய் அந்தப் போனை வாங்கிப் பார்த்தான். புள்ளி புள்ளியாக ஒரு போர்வை. ஒரு மூக்கின் ஓட்டைகள். யாரோ ஒருவரின் காது. குடும்ப வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் இதைத் திறந்து பார்ப்பார்கள். பார்த்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள்.

"இத அனுப்பாத" என்றான்.

"ஏன்? நல்லாத்தான இருக்கு?"

"அனுப்பாதன்னு சொன்னேன்."

அலமாரிக்குப் போனான். கேமராவை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அண்ணன் கட்டிலுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"வை அத."

"ஒண்ணே ஒண்ணு எடுக்கறேன்."

"பைத்தியமாடா உனக்கு? வீடு பூரா ஆளுங்க இருக்காங்க. பொணத்துக்கிட்ட போய்க் கேமராவ நீட்டுவியா?"

"இவன் எடுத்தான். நீங்க தலைய ஆட்டினீங்க."

"அது போனு. அவன் தள்ளி நின்னு எடுத்தான்."

"அதுதான் தப்பு" என்றான். அண்ணனிடம் இந்தக் குரலில் அவன் பேசியதே கிடையாது. பதினான்கு வயது வித்தியாசம். அவனுக்கு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பழக்கியவர். "கல்யாணத்துக்குக் கேமரா இல்லாம வான்னு சொன்னீங்க. இப்பவும் அதேதான் சொல்றீங்க. அவ அப்பக் கேக்கல. இப்ப நான் கேக்கல. நகருங்கண்ணா."

அண்ணன் நகரவில்லை. அவன் அவரைச் சுற்றிக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் போய் முழங்காலிட்டான். கேமராவை ஆன் பண்ணினான். அதன் திரை முழுக்க இருட்டாக இருந்தது. அக்காவின் முகம் எங்கே முடிகிறது, தலையணை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

பின்னால் வளையங்கள் உரசுகிற சத்தம் கேட்டது. அண்ணி ஜன்னல் திரையை ஓரம்வரை இழுத்துத் திறந்திருந்தாள்.

"என்ன பண்ற நீ? எதிர்வீட்ல பாக்கறாங்க. மூடு" என்றார் அண்ணன்.

"பாத்தா பாக்கட்டும்" என்றாள் அண்ணி.

சத்தமில்லாத, சாதாரணமான குரல். திரை திரும்பிச் சரிந்துவிடாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் மறுபடி பார்த்தான். அந்தக் கேமரா ஆட்களின் கண்ணைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த கண்ணைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் விழும். கட்டம் அக்காவின் முகத்தில் ஒரு கணம் தடுமாறியது. அப்புறம் அவளை விட்டுவிட்டு, மேலே தாவி, கட்டிலுக்கு அப்பால் நின்ற அண்ணனின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் கேமராவைத் தாழ்த்திப் பிடித்தான். மறுபடியும் அண்ணன். மூடிய கண் அதற்குக் கண்ணாகத் தெரியவில்லை.

கேமரா தானாகத் தேடுவதையே நிறுத்திவிட்டான். லென்ஸின் முனையிலிருந்த வளையத்தைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, ஒரு போல்ட்டை எண்ணெயில் அசைத்துப் பார்ப்பதுபோல, மெல்ல மெல்லத் திருகினான். முகம் சின்னதாக இருந்தது. இன்னும் கிட்டப் போனான். முழங்கால் கட்டிலின் சட்டத்தில் முட்டியது. இன்னும் போனான். அவள் தோளில் மருந்தின் வாடை இருந்தது, அதற்கடியில் அவளுடைய வாடையும் இருந்தது. மூடிய இமையின் முடிகள் ஒவ்வொன்றாகத் துலங்கின. புருவத்தின் நடுவே, கல்யாண மண்டபங்களில் விளக்கை மறைக்கிறவர்களைப் பார்க்கும்போது விழுகிற அந்தச் சுருக்கம் அப்படியே இருந்தது.

எடுத்தான்.

எப்படி வந்திருக்கிறது என்று கேமராவின் திரையைப் பார்த்தான். கண் மங்கலாக இருந்ததால் படம் மங்கலா என்று தெரியவில்லை.

"இன்னொண்ணு எடுத்துக்குங்க தம்பி" என்றாள் அண்ணி. ஜன்னல் திரையைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டாள்.

கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. வெயில் கட்டிலைத் தாண்டித் தரையில் இறங்கி, அண்ணனின் பாதங்கள்மேல் ஏறியிருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தபடி நின்றார். காலைப் பின்னால் இழுக்கவில்லை.