ஆணி காலியான நாள்

ரோஹத்தின் சமையலறைச் சுவரில் ஓர் ஆணி. அதில் வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கியது ஒரு கடித்த ரொட்டி. ருஷ்யாவுக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று அவள் புருஷன் எர்காஷ் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போனது. மிச்சம் வீட்டில் இருந்தால் அதைத் தின்ன ஆள் திரும்பி வந்துவிடுவான் என்று அந்த ஆற்றங்கரை ஊர்களில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் மாட்டி வைப்பார்கள்.

அவன் வரவில்லை. பேச்சு குறைந்தது, பிறகு நின்றே போனது. கூடப் போனவர்கள் மட்டும் திரும்பி வந்து, அவளைக் கண்டால் வேறு தெருவில் திரும்பினார்கள். காத்திருந்தது போதும், இனி நீ வேறு மணம் செய்துகொள்ளலாம் என்று இமாமே சொல்லி வருஷமாகிறது.

நாளை ஹம்ரோ வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். முலாம்பழம் பயிரிடுகிறவன், பெண்டாட்டியை இழந்தவன். இவளுக்குச் சம்மதமென்றால் எல்லார் முன்னாலும் ரொட்டியைப் பிட்டு நிச்சயம் செய்துவிடுவார்கள். ஆனால் ஒருவன் ரொட்டி சுவரில் தொங்கும்போது இன்னொருவன் ரொட்டியைப் பிட்க முடியாது. அதை இறக்க வேண்டும். இறக்குகிற கை ரோஹத்தின் கையாக இருக்க வேண்டும்.

நாளைய விருந்துக்காக அவள் தந்தூர் அடுப்புக்குள் குனிந்து ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். எர்காஷின் தங்கை மஸ்தூரா, அவளோடேயே இருப்பவள், தட்டை நீட்டினாள்.

“அண்ணி, நாளைக்கு நீங்க என்ன செய்வீங்கன்னு அல்லாவுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியாம என்ன.”

“அப்புறம் நீங்க ஏன் மண்டையை உடைச்சுக்கறீங்க? அவனுக்குத் தெரிஞ்சதுதானே நடக்கப் போகுது. போய் நல்லாத் தூங்குங்க.”

“அடி போடி. ஒட்டறப்பவே எந்த ரொட்டி கழண்டு விழும்னு எனக்குத் தெரியுது. தெரியுதுங்கறதுக்காக நானா தள்ளி விடறேன்?”

“தள்ளலைதான். ஆனா மாவு பிசைஞ்சது நீங்க. அடுப்புக்கு மண்ணு பூசினதும் நீங்க.”

ரோஹத் அடுத்த ரொட்டியை அடுப்புச் சுவரில் அறைந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு ரொட்டி தணலில் விழுந்தது.

“இதுவும் தெரியுமாக்கும்?”

“இல்ல. உன் வாய்க்குப் பயந்து விழுந்தது இது.”

மத்தியானம் முசுக்கட்டை மர நிழலில் அவள் கண்ணயர்ந்தாள். அடுப்பின் சூடு இன்னும் கன்னத்தில் இருந்தது. அதுவே வெயிலாகி, வெயில் அறையாகி விரிந்தது. விருந்து விரிப்பு. ஹம்ரோவின் பெரியம்மா, தங்கப்பல் பாஷோரத், சிரிக்கிறாள். வெடிப்பு விட்ட நீலக் கிண்ணத்தில் தேநீர். ஒரு சிட்டுக்குருவி உள்ளே வந்து, வழி தெரியாதது போல உத்தரத்தைச் சுற்றுகிறது. அதன் பின்னாலேயே போன கண், திறந்த கதவு வழியே சமையலறைச் சுவரில் நின்றது. ஆணி காலி.

விழித்ததும் அவளுக்கு அல்லா மேல் கோபம் வந்தது. என்னைக் கேட்காமலே முடித்துவிட்டாயா? சரி. நான் அதை இறக்கப் போவதில்லை, போ.

மறுநாள் வந்தார்கள். ஹம்ரோவின் பெரியம்மா பாஷோரத் தங்கப்பல் மின்ன உட்கார்ந்தாள். மஸ்தூரா அவசரத்தில் அந்த நீலக் கிண்ணத்தையே எடுத்து வைத்தாள். சொல்லி வைத்தாற்போல் குருவியும் வந்தது. ரோஹத் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். எல்லாம் இருக்கிறது, அந்த ஒன்று மட்டும் இல்லை. ரொட்டி ஆணியிலேயே இருக்கிறது. ஜெயித்துவிட்டேன்.

ஜெயித்து என்ன? சிரிப்பு மெல்ல வடிந்தது. கனவுக்குப் பயந்து இறக்குவது அடிமைத்தனமென்றால், கனவோடு மல்லுக்கட்டி மாட்டி வைப்பது மட்டும் என்னவாம்? இரண்டிலும் தான் எங்கே இருக்கிறோம் என்று தேடிப் பார்த்தாள்.

வாசலில், உள்ளே வரக் கூச்சப்பட்டு, ஹம்ரோ முலாம்பழத்தைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொண்டு நின்றான். போன குளிர்காலத்தில் அவள் வாசல் பனியை விடிவதற்குள் தள்ளிவிட்டு, கேட்டால் காற்றுத் தள்ளியிருக்கும் என்றவன். அவன் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. தெருக்கதவு அசைந்தால் திடுக்கிடாமல் ஒருநாள் தூங்க வேண்டும் போலிருந்தது. அது அவளுடைய ஆசை. யாரும் கனவில் கொண்டுவந்து வைத்ததல்ல.

எழுந்துபோய்த் துணியை அவிழ்த்தாள். ரொட்டி எத்தனை லேசாகிவிட்டது, உலர்ந்த இலை மாதிரி. அந்த லேசு கனவில் இல்லை. கனவு காட்டியது காலி ஆணியை மட்டும். எடுத்த கையைக் காட்டவில்லை.

உனக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்திருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். கூடத்தில் குருவி வழி கண்டு பறந்துவிட்டிருந்தது.

மஸ்தூரா பின்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் இப்போது கிண்டல் இல்லை.

“அண்ணன் மிச்சம்” என்றாள்.

“ஆமாடி. உனக்கும்தானே அண்ணன். நீ சொல்லு, திரும்ப மாட்டிடறேன்.”

மஸ்தூரா காலி ஆணியைப் பார்த்தாள். நீலக் கிண்ணத்தைக் கொண்டுவந்து தேநீரை நிரப்பினாள்.

“ஊற வைங்க அண்ணி. எனக்குப் பல்லு வலி.”

இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பல் பதிந்த ஓரம் வரைக்கும் அதைத் தின்று முடித்தார்கள். விருந்தாளிகள் கூடத்தில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகு ரோஹத் கையைக் கழுவிக்கொண்டு, புது ரொட்டியை எடுத்து வந்தாள்.