ஈயச் சன்னத்துக்கு ஏற்ற குழல்

பரமேஸ்வரனைக் கேட்காமல் அவருடைய தம்பி தயாபரன் சட்டைக்கு ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை என்பது உருத்திரபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாதவர்களைப் பரமேஸ்வரனே தேடிப் போய்ச் சொல்லிவிடுவார். தம்பி சுவிஸுக்குப் போய் முப்பத்திரண்டு வருடம். அங்கே அவன் வீடு வாங்கியது அண்ணனைக் கேட்டு. கார் வாங்கியது அண்ணனைக் கேட்டு. காருக்கு என்ன நிறம் என்பதை யோசிக்க மட்டும் பரமேஸ்வரனுக்கு இரண்டு கிழமை பிடித்தது. வெள்ளை என்று முடிவு சொன்னார். பிறகு வந்த படங்களில் கார் வெள்ளையாகவே நின்றது. "நான் இஞ்சையிருந்து தலையாட்டாட்டி அங்கை ஒரு கதவும் திறக்காது" என்பார்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவர். எட்டு வருடமாகியும் ஊர் அவரை அந்த உத்தியோகத்தின் ஆங்கிலச் சுருக்கமான ரீ.ஓ. என்றே கூப்பிட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே உடனே விளங்காது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. இரண்டும் இரும்புக் குழாய்கள். பரமேஸ்வரன் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். அரை அங்குலம்கூட வராத துவாரம். ஒரு சாண் நீளமும் இல்லை. இதால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்று அவர் குழம்பிக்கொண்டிருக்கையில் தம்பியின் குரல் வந்தது.

"அண்ணை, இது பிஸ்டலின்ரை குழல். பயப்பிடாதேங்கோ. இஞ்சை நாங்கள் கிளப்பிலை குறி பாத்துச் சுடுறனாங்கள், லைசென்ஸ் எல்லாம் இருக்கு. கடைச் சன்னம் ஒரு குண்டே நெருப்பு விலை. அதாலை நானே ஈயம் உருக்கிச் சன்னம் வாத்துச் சுடப்போறன். துவக்கோடை வந்த குழல் வாத்த ஈயத்துக்குச் சரிவராதாம். வேறை கொம்பனிக் குழல் வாங்கி மாத்தோணும். ஒண்டு உள்ளுக்குக் கண்ணாடி மாதிரி வழவழப்பு. மற்றதுக்கு உள்ளுக்குச் சுருள் சுருளாக் கோடு வெட்டிக் கிடக்கு. எதை வாங்க? வன்னியிலை இருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியாததே?"

கடைசி வசனம் பரமேஸ்வரனுக்கு இனித்தது. வன்னியில் இருந்தவர்தான். சண்டைக் காலம் முழுக்க இருந்தவர்தான். அந்தக் காலத்தில் அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் தண்ணீர் மட்டம் பார்க்கும் அளவுகோல். வெடி கேட்டால் பக்கத்து வாய்க்காலுக்குள் படுப்பார். எந்த வாய்க்காலில் எவ்வளவு பணிந்து படுக்க வேண்டும் என்பதில் அவரை வெல்ல மாவட்டத்தில் ஆளில்லை. மற்றப்படி துவக்கின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதைக்கூட அது தன்னைப் பார்த்து நின்றால்தான் அவர் அறிவார். ஆனால், "எனக்குத் தெரியாது" என்ற வசனத்தை அவர் தம்பியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த முறை அவன் வேறு யாரையாவது கேட்பான்.

குசினிக்குள் இருந்து மனைவி இராசேஸ்வரி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னது, துவக்கோ? ஐயோ, அழியுங்கோ உந்தப் படத்தை!"

"அவன் சட்டப்படி சுடுறானப்பா."

"அவனுக்குச் சட்டம் சுவிஸிலை. போன் கிடக்கிறது உருத்திரபுரத்திலை. சீ.ஐ.டி. கண்டால் ஆர் மறுமொழி சொல்லுறது? அதோடை, ஒறிஜினல் சாமான் கிடக்க ஏன் வேறை கொம்பனி? லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினுக்கு டுப்ளிக்கேற் பெல்ற் போட்டுப் பட்டது காணாதே?"

பரமேஸ்வரன் படங்களை அழித்தார். அழித்த பிறகுதான் பார்க்காமல் எப்படி யோசிப்பது என்று தோன்றியது. தம்பியிடம் மறுபடி கேட்டார். வந்தது. இராசேஸ்வரி மறுபடி வந்தாள். மறுபடி அழித்தார். மூன்றாம் முறை கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இப்போது எது முதலில் வந்த படம், எது இரண்டாவது என்பதும் கலங்கிவிட்டது.

ஆனாலும் முடிவு சொல்ல அவருக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கவில்லை. தெரியாத விஷயங்களில் அவர் எப்போதுமே விரைவாக முடிவெடுப்பார். ஏழு நிமிடம் நீண்ட குரல் செய்தி ஒன்றை அனுப்பினார். ஓடுகிற பொருள் எதுவாயிருந்தாலும், அது தண்ணீராகட்டும் ஈயமாகட்டும், அதற்கு எதிரி சொரசொரப்பு. மண் வாய்க்காலுக்குச் சீமெந்து பூசினால் தண்ணீர் எப்படி ஓடும் என்பதை அவர் கண்ணால் கண்டவர். ஆகவே கோடும் கீறலும் உள்ள குழலை நினைத்தும் பார்க்க வேண்டாம், கண்ணாடிக் குழலை வாங்கு. ஐந்தாவது நிமிடத்தில் இரணைமடுக் குளத்தின் கொள்ளளவும் வந்து போனது.

"ஓகே அண்ணை, அப்பிடியே செய்வம். சனிக்கிழமை சுட்டுப் பாக்கிறன்" என்று பதில் வந்தது.

அடுத்த நாள் காலை பரமேஸ்வரன் தன் மாட்டுப் பாலோடு போனபோது பால் சேகரிக்கும் நிலையத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவருக்கு நாக்கு அரித்தது. முன்னால் நின்ற கணபதியின் தோளைத் தட்டினார். கணபதி கமக்காரர் அமைப்பின் செயலாளர். தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். சண்டையின் எல்லாப் பக்கமும் பார்த்த மனிதர்.

"கணபதி, சுவிஸிலை தம்பி ஒண்டு வாங்கப்போறான், உமக்கு ஒரு கேள்வி. ஈயம் வழவழப்பான குழலுக்குள்ளாலை நல்லாப் போகுமோ, கோடு வெட்டின குழலுக்குள்ளாலையோ?"

"என்ன குழலுங்கய்யா?"

"பிஸ்டல்."

கணபதி வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கடைசியில் வானத்தையும் பார்த்தார்.

"மாட்டைக் கட்டாம வந்துட்டேனுங்கய்யா" என்றார். பால் கேனை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

வரிசையில் மற்றவர்களுக்கும் அதே நிமிடத்தில் வெவ்வேறு அலுவல்கள் நினைவுக்கு வந்தன. ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்ற வேண்டும் என்றார். அவருடைய பிள்ளைக்குக் கலியாணமாகி இரண்டு வருடம். இந்தச் சனத்துக்கு அறிவுபூர்வமான கதையென்றால் ஆகாது என்று பரமேஸ்வரன் நினைத்துக்கொண்டார்.

மேசைக்குப் பின்னால் பால் அளக்கும் சிவரூபி மட்டும் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பாலின் அளவைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. பரமேஸ்வரனின் பாலுக்குள் பால்மானியை இறக்கினாள். அது கொஞ்சம் அதிகமாகவே தாழ்ந்தது. பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"ரீ.ஓ. ஐயா, எந்தக் குழலை வாங்கச் சொன்னனீங்கள்?"

"வழவழப்பானதை."

"எப்ப சுடப்போறாராம்?"

"சனிக்கிழமை. ஏன் பிள்ளை?"

அவள் மானியைத் துடைத்து வைத்தாள்.

"ஈயம் மிருதுவானது, ஐயா. வழவழப்பான குழலுக்குள்ளை அதுக்குப் பிடி கிடைக்காது. உரஞ்சி உரஞ்சிச் சுவரிலை ஒட்டும். ஒட்ட ஒட்ட வழி ஒடுங்கும்."

"வாய்க்காலிலை வண்டல் படியிற மாதிரியோ?" தன் திணைக்களத்துச் சொல் ஒன்று கிடைத்ததில் பரமேஸ்வரனுக்கு ஒரு நிம்மதி.

"ஓம், வண்டல்தான். ஆனா வாய்க்கால் அடைச்சால் தண்ணி வயலுக்குள்ளை பாயும். குழல் ஒடுங்கினா அமுக்கம் பின்னுக்கு வரும். பின்னுக்கு ஆரின்ரை முகம் நிக்குது?"

பரமேஸ்வரனின் கை தானாகத் தன் முகத்தைத் தடவியது.

"கோடு வெட்டின குழலை வாங்கச் சொல்லுங்கோ. கோடு ஈயத்தைக் கவ்விப் பிடிச்சுச் சுத்தி அனுப்பும். அதோடை, மிருதுவான ஈயத் துண்டொண்டைக் குழலுக்குள்ளாலை தள்ளி எடுத்து அளக்கச் சொல்லுங்கோ. வாக்கிற சன்னம் அந்த அளவைவிட மயிரிழை தடிப்பா இருக்கோணும். மெல்லிசெண்டா எந்தக் குழலிலையும் ஈயம் படியும்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.

"பிள்ளை, உனக்கு உதெல்லாம் எப்பிடி…"

"உங்கடை பாலிலை எவ்வளவு தண்ணியெண்டு எனக்குத் தெரியும்தானே, ஐயா. அதை நான் ஆருக்கும் சொன்னனானே?"

பரமேஸ்வரன் கேனின் மூடியைக் கையில் எடுத்தார்.

"இதையும் நான் சொன்னதெண்டு ஆருக்கும் சொல்லப்படாது" என்று சொல்லிவிட்டு, அவருடைய பாலைப் பெரிய கேனுக்குள் ஊற்றினாள்.

அன்றும் அடுத்த நாளும் பரமேஸ்வரன் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்ன சொல்லை மாற்றிய பழக்கம் அவருக்கு இல்லை. உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு மதகை வாய்க்கால் போகாத பக்கத்தில் கட்டுவித்தார். ஒரு துளி தண்ணீரும் அதற்குள்ளால் போகவில்லை. அப்போதும், பிழை தண்ணீரில்தான் என்று கோப்பில் எழுதி மூடியவர். இப்போது வாயைத் திறந்து "நான் பிழை" என்றால் முப்பத்திரண்டு வருட மரியாதை அதோடு சரி. திறக்காவிட்டால் சனிக்கிழமை தம்பியின் முகம். கண்ணாடி என்பதும் கோடு என்பதும் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. ஒருமுறை அவள் சொன்னது எது, தான் சொன்னது எது என்றுகூடத் தடுமாறி, இரண்டையும் ஒரு துண்டில் எழுதினார். இராசேஸ்வரி அந்தத் துண்டை எடுத்து அடுப்புக்குள் போட்டாள்.

புதன்கிழமை பின்னேரம், சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"தம்பி, நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னது ஒரு இடைக்கால அறிக்கை."

"எது அண்ணை?"

"குழல். வழவழப்பானதை வாங்காதை. கோடு வெட்டினதை வாங்கு. அவசரம், மாத்திப்போடு."

"அதைத்தானே அண்ணை வாங்கினனான்."

"எப்ப?"

"போன மாசம்."

பரமேஸ்வரன் போனைக் காதில் இருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமைதானேயடா என்னைக் கேட்டனி?"

"கேக்கோணும்தானே. அம்மா சாகேக்கை சொன்னவா, அண்ணையோடை ஒரு சொல்லுக் கதைக்காமல் ஒண்டும் செய்யாதை எண்டு. முந்தியோ பிந்தியோ, நான் கதைக்காமல் விட்டதில்லை."

"அப்ப வீடு?"

"அது… வங்கிக்காரன் காட்டினது, அண்ணை."

"கார்? கார் வெள்ளைதானே? படத்திலை பாத்தனான்."

"கறுப்பு. பனி கொட்டின நாளாப் பாத்துப் படம் எடுத்தனான்."

பரமேஸ்வரன் கதிரையில் உட்கார்ந்தார். கோபப்பட வேண்டிய இடம்தான். எதற்கென்று கோபப்படுவது என்று பிடிபடவில்லை. போனை வைத்துவிடலாம் என்று விரல் போனது. சனிக்கிழமை என்ற சொல் விரலைப் பிடித்தது.

"சரி, அது கிடக்கட்டும். நீ குழலை அளந்தனியோ?"

"எதை அண்ணை?"

"மிருதுவான ஈயத் துண்டைக் குழலுக்குள்ளாலை தள்ளி எடுத்து அளக்கோணும். உன்ரை சன்னம் அதைவிட மயிரிழை தடிப்பா இருக்கோணும். இல்லாட்டிக் கோடு கிடந்தும் பலனில்லை."

மறுபக்கத்தில் ஏதோ பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இல்லை அண்ணை, அளக்கேல்லை." தம்பியின் குரல் இறங்கியிருந்தது. "பெட்டியிலை எழுதியிருந்த அளவைத்தான் நம்பினனான். இதைப்போலை கிளப்பிலை ஒரு கிழவன் ஏதோ சொன்னவன், நான்தான் காது குடுக்கேல்லை. உங்களுக்கு இது ஆர் சொன்னது?"

சிவரூபியின் பெயர் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. பரமேஸ்வரன் அதை விழுங்கினார்.

"ஆர் சொல்லோணும்? எனக்கே தெரியும்."

"அண்ணை, அப்ப நீங்கள் அந்தக் காலத்திலை…"

"அந்தக் காலத்திலை நான் வாய்க்கால் அளந்தனான்."

"ஓம் ஓம். விளங்குது, அண்ணை. போனிலை வேண்டாம்."

என்ன விளங்கியது என்று பரமேஸ்வரனுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பியின் செய்தி வந்தது. அளந்து பார்த்தானாம். சன்னம் மெல்லிசுதானாம். சனிக்கிழமை சுடப்போவதில்லையாம், வேறு வார்ப்பச்சு எடுத்த பிறகுதானாம். முப்பத்திரண்டு வருடத்தில் பரமேஸ்வரன் சொன்னதை அவன் அப்படியே செய்தது இதுதான் முதல் தடவை. அதைப் போய் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது.

பால் நிலையத்தில், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "உன்ரை பேரை நான் சொல்லேல்லை, பிள்ளை" என்றார்.

"என்ன பேர்?" என்றாள் சிவரூபி, மானியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி யாருக்கு என்ன சொன்னானோ, அடுத்த கிழமைக்குள் கனடாவில் இருந்து ஒன்றுவிட்ட சகோதரன் போன் எடுத்தான். இருபது வருடம் எடுக்காதவன். "அண்ணை, ஒண்டுமில்லை, சும்மா உங்கடை குரலைக் கேக்கத்தான்" என்று மிகுந்த மரியாதையோடு சொன்னான். லண்டனில் இருந்து ஒரு மச்சான் எடுத்து, உங்களைப் போன்ற ஆக்கள் இப்படி அமைதியாக இருப்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்றான். எப்படிப்பட்ட ஆக்கள் என்று பரமேஸ்வரன் கேட்டார். மச்சான் மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் வந்தது. ஊர் முழுக்கத் தேடித் தேடிச் சம்பாதித்த மரியாதை எல்லாம் இப்போது கேட்காமலே வந்து குவிந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் அவருக்கு வியர்த்தது.

ஒரு பின்னேரம் இராசேஸ்வரி தேத்தண்ணி கொண்டு வந்தாள். வழக்கமாக மேசையில் இடித்து வைப்பவள், சத்தமில்லாமல் வைத்தாள். போகவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ. உங்களை ஒண்டு கேக்கட்டே?"

"கேளுமன்."

"அந்த நாளையிலை விடியக் கருக்கலோடை வெளிக்கிட்டுப் பொழுதுபட வருவியள். வாய்க்கால் பாக்கப் போனதெண்டு சொல்லுறனீங்கள். உடுப்பு முழுக்கச் சேறு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உண்மையிலை எங்கை போனனீங்கள்?"

"வாய்க்கால்தானப்பா. வெடி கேட்டால் அதுக்குள்ளை படுத்தனான். அதுதான் சேறு."

இராசேஸ்வரி அவரை உற்றுப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"சரி. என்னட்டையும் சொல்லேலாதெண்டா விடுங்கோ" என்றாள். உள்ளே போய் அவருக்கு ஒரு முட்டை பொரித்தாள்.

பரமேஸ்வரன் அந்த முட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார்.