கடல் எந்தப் பக்கம்

வட மாகாணத்தின் பரப்பளவு எண்ணாயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்கு சதுர கிலோமீற்றர் என்பது, பரிஸ் நகரத்து லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றபோதுதான் தயானிக்குத் தெரியவந்தது. அந்த மாகாணத்திலேயே பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே பிள்ளையும் பெற்றவள். முப்பத்திரண்டு வருடங்களில் ஒரு குஞ்சும் அவளிடம் அதன் பரப்பளவைக் கேட்டதில்லை. இப்போது குளிர்ப்பெட்டியின் கதவில், எண்ணெய் படாமல் பிளாஸ்ரிக் உறைக்குள், ஐந்து தாள்கள் தொங்கின. புவியியல், வரலாறு, பொருளாதாரம், பண்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். ஐந்தாவது, கேள்வி பதில். வியாழக்கிழமை காலை கோர்ட். அன்றைக்குச் செவ்வாய்.

"மாவட்டம் எத்தினை?" என்று கோசலை அக்கா கொத்துரொட்டிக் கல்லடியில் நின்றபடியே கேட்டாள். குசினி அவளுடைய ராச்சியம்.

"அஞ்சு."

"சொல்லு பாப்பம்."

"யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா..." தயானி விரல்களைப் பார்த்தாள். பெருவிரல் மிச்சமாக நின்றது.

"அடி விசரி, நீ பிறந்த மன்னாரையே விட்டிட்டாய்!" கோசலை அக்கா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. தயானிக்கும் சிரிப்பு வந்தது. கத்தியை வைத்துவிட்டுக் கைகழுவினாள். கழுவிய கையோடு மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். இரண்டு கிழமையாக அவளால் ஒரு வேலையை ஒழுங்காக முடிக்க முடியவில்லை.

தாள்களை எழுதியவர் குலசிங்கம். கொக்குவில் ஆள், பரிஸுக்கு வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டுக்குப் போகிற சனங்களைத் தயார்ப்படுத்துவதைத் தொண்டாகச் செய்துவருகிறார். ஒரு கோப்பிக்கு மேல் யாரிடமும் வாங்கியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையை மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவர் காத்திருப்பதில்லை. தாள்களில் பிழை பிடிக்க முடியாது. நெல், புகையிலை, பனை, உப்பு, மீன் எல்லாம் வரிசையாக வந்திருந்தன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தங்கள் தங்கள் ஆண்டுகளோடு வந்து போனார்கள். மன்னாருக்கென்று பன்னிரண்டு வரிகள் ஒதுக்கியிருந்தார்: கோட்டை, அடிபருத்த பெருக்கமரம், மடுத் திருவிழா. கழுதைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னார்த் தீவைப் பற்றி எழுதப் புறப்பட்டுத் தெருவெல்லாம் நிற்கிற கழுதையை விட்டவர், அந்தத் தீவுக்குப் பாலம் தாண்டிப் போயிருக்கவே மாட்டார் என்று தயானி நினைத்தாள். அவள் நினைத்தது சரிதான். அவர் பாலத்துக்கு இங்காலேயே, மடுவோடு திரும்பியவர்.

கழுதையை அவள் மன்னித்துவிடுவாள். ஐந்தாவது தாளில் இருந்த கடைசிக் கேள்விதான் அவளைப் போட்டு ஆட்டியது. 'உங்கள் வீட்டுக்குக் கடல் எந்தப் பக்கம்? பதில்: வடக்கு. முதல்முறை பயத்தில் மாறிச் சொல்லிவிட்டேன்.'

முதல்முறை அவள் சொன்னது தெற்கு. புருசன் செபஸ்டியனைக் கொண்டுபோன அன்றைக்கு வீட்டிலிருந்து என்னென்ன தெரிந்தது என்று விசாரணையில் கேட்டார்கள், சொன்னாள். கடல் எந்தப் பக்கம் என்றார்கள், தெற்கு என்றாள். நான்கு மாதம் கழித்து வந்த கடிதத்தில், விண்ணப்பதாரி தான் வாழ்ந்ததாகக் கூறும் கிராமத்தின் அமைவிடத்தையே அறியாதவர் என்று எழுதியிருந்தது. அவளுடைய ஊர் பேசாலை, தீவின் வடகரையில் இருக்கிறது. அதை வரைபடம் பார்க்கத் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். ஆனால் வாடைக்காற்று எழும்பினால் வடகடல் கொந்தளிக்கும். தொழில் செய்ய விடாது. அவளுடைய ஆட்கள் வலை, சட்டிபானை, பிள்ளை, கோழி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு தென்கரைக்குப் போய்க் கிடுகால் வாடி என்ற சின்னக் குடிசை போட்டுக்கொண்டு இருப்பார்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுப் பிறக்க முன்னர் திரும்பி வருவார்கள். ஒடுங்கின தீவு, கோழிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு நடந்தே கடந்துவிடலாம். அதை ஒருவரும் இடம்பெயர்வது என்று சொல்வதில்லை. இரண்டுமே வீடுதான். விசாரித்தவர் வீடு என்றார். அவளுக்கு அந்தத் தை மாதத்து வீடு நினைவில் வந்தது. காலை ஏழு மணி, படகு கரை தட்டின நேரம், சிவில் உடுப்போடு நாலு பேர். செபஸ்டியன் வலையைக்கூட இறக்கியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு, மெத்ரோப் பாலத்துக்குக் கிட்ட இருந்த தேநீர்க்கடையில் குலசிங்கத்தைப் பிடித்தாள். இருக்கச் சொன்னார். அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, கடைசிப் பதில் சரியில்லை. அண்டைக்கு நாங்கள் வாடியிலை. கடல் தெற்காலைதான்."

"அது எனக்கு விளங்குது பிள்ளை." குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "அவையின்ரை வரைபடத்திலை பேசாலை கிடக்கு. உன்ரை வாடி கிடக்கோ? காத்துக்கு வீடு மாறும் எண்டு இப்ப போய்ச் சொன்னால், ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேப்பினம். புதுக்கதை எண்டு எழுதி மூடிவிடுவினம். பயத்திலை மாறிப்போச்சு எண்டால் அது மனிசத் தன்மை. லோயரும் மனுவிலை அப்பிடித்தான் எழுதியிருக்கிறா."

லோயரோடு பிரெஞ்சில் பேசியது அவர்தான். இடையில் இருந்து தலையாட்டியது தயானி.

"அப்ப செபஸ்டியன்?"

"செபஸ்டியனுக்கென்ன?"

"அவரை வாடியடியிலை வைச்சுத்தான் பிடிச்சவங்கள். அவங்கள் ஒருக்காக் கொண்டுபோனது காணாதெண்டு, நானும் இப்ப தூக்கிக்கொண்டு போய் மற்றக் கரையிலை வைக்கிறதோ?"

அவர் கோப்பியைக் கலக்கினார். சீனி எப்போதோ கரைந்துவிட்டது, கலக்கிக்கொண்டேயிருந்தார். அவருக்கு அவள் மேல் இரக்கம்தான். இரக்கப்படுகிறவர்களோடு சண்டை பிடிப்பதுதான் பெரும்பாடு.

"மகளைக் கூப்பிட வேணுமோ, வேண்டாமோ?" என்று மெதுவாகக் கேட்டார். "அதை மட்டும் யோசி பிள்ளை."

வதிவிடக் கார்ட் கிடைத்தால் மகளைக் கூப்பிடலாம். ஒன்பது வயது. அவளை விட்டுவிட்டு வந்தபோது ஐந்து.

புதன்கிழமை அவள் குசினிக்குள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுக் கோசலை அக்காவே வெளியில் துரத்திவிட்டாள். காலில் சக்கரம் கட்டிவிட்டதுபோல நடந்தாள். பாலத்துக்குக் கீழே ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரைக்கும் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். ஒவ்வொரு எட்டுக்கும் வடக்கு, வடக்கு என்று சொல்லிக்கொண்டாள். தலைக்கு மேலே ரயில் இரைந்தபோது அதைச் சத்தமாகவே சொன்னாள். இந்த ஊரில் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள். வாய்க்குப் பழகிவிட்டால் நெஞ்சு பேசாமல் இருக்கும் என்று நம்பினாள். நடுவில் ஊரிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, காத்து எழும்பிட்டுது. நாளைக்கு வாடிக்கு வெளிக்கிடுறம். அங்கை சிக்னல் இல்லை. கோட்டு முடிவை எப்பிடிச் சொல்லுவியள்?"

"முடிவு உடனை வராது செல்லம். ரெண்டு மூண்டு கிழமை செல்லும்."

"அப்ப நான் பெருக்கமரத்தடிக்கு நடந்து வந்து எடுக்கிறன். அங்கை சிக்னல் ரெண்டு கோடு வரும்."

போனை வைத்த கையோடு தயானி முடிவெடுத்துவிட்டாள். வடக்கு. செபஸ்டியன் இருந்திருந்தால் அவனும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பான் என்று தன்னையே ஏமாற்றினாள். ஏமாற்றுகிறோம் என்பதும் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை, பரிஸில் அபூர்வமாக வெயில். கோர்ட் அறை சின்னது. பள்ளிக்கூட வகுப்பறைபோல இருந்தது. முன்னால் மூன்று நடுவர்கள். பக்கத்தில் லோயர். பின்வாங்கில், பார்வையாளர்கள் இருக்கிற இடத்தில், குலசிங்கம் கழுத்துப்பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் பாண்டிச்சேரிப் பெண், நல்ல முகம். பரப்பளவை ஒருவரும் கேட்கவில்லை. ஒல்லாந்தரைக் கேட்கவில்லை. ஐந்து மாவட்டத்தையும் கேட்கவில்லை. நடுவில் இருந்த அம்மையார் கோப்பைப் புரட்டினார், ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"உங்க வீட்டுக்குக் கடல் எந்தப் பக்கம்னு கேக்குறாங்கம்மா."

தயானி வாயைத் திறந்தாள். சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. நேற்று முழுக்க நடந்து பழக்கின சொல். வலப்பக்க ஜன்னலால் காலை வெயில் வந்து அவளுடைய கையில் விழுந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் வலப்பக்கம் கிழக்கு. நடுவர்கள் இருக்கிற பக்கம் வடக்கு. அந்தப் பக்கம் பார்த்தால் மூன்று பேரும், ஒரு தண்ணீர்ப் போத்தலும், வெள்ளைச் சுவரும்தான் தெரிந்தன. செபஸ்டியன் அங்கே இல்லை. எவ்வளவு முயன்றும் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்த அவளால் முடியவில்லை.

"எந்த மாசம்?" என்றாள்.

"என்னம்மா?"

"எந்த மாசத்தைக் கேக்கினம் எண்டு அவையைக் கேளுங்கோ. வாடைக்கு ஒரு பக்கம், சோளகத்துக்கு ஒரு பக்கம். அவரைக் கொண்டுபோனது தை மாசம்."

மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். லோயர் வெடுக்கென்று நிமிர்ந்தார். நடுவர் அம்மையார் கோப்பிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஏதோ கேட்டார்.

"அந்த மாசம் எப்படி இருந்துச்சுன்னு காட்டச் சொல்றாங்க."

தயானி கதிரையை விட்டு எழுந்தாள். இரண்டு கிழமைக்குப் பிறகு கால்கள் ஒரு இடத்தில் நின்றன. நடுவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறையின் பின்பக்கமாகத் திரும்பினாள். "இதுதான் வாடி வாசல்," என்று காலடியைக் காட்டினாள். "நான் இஞ்சை நிக்கிறன். வெயில் இப்ப இடப்பக்கத்தாலை வருது. படகு கரை தட்டிட்டுது. அவர் இன்னும் இறங்கேல்லை. கடல் அந்தா, அங்கை."

நீட்டின கை போன திசையில், பின்வாங்கில், குலசிங்கம் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மடியில் இருந்த தாள்கள் வைத்த கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சப்பாத்துக் கால்கள் இரண்டையும் அலை நனைத்துவிடும் என்பதுபோல மெல்ல வாங்குக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.