பெருந்தேவி பேசப் போன கூட்டம்

ஒரகடம் பக்கம் சின்னதாக ஓர் அணு உலை வரப்போகிறது என்ற பேச்சு கோடையில் கிளம்பியது. வரும் என்றார்கள், வராது என்றார்கள். எந்த ஏரிக்கரையில் வரும் என்பது வரைக்கும் டீக்கடைகளில் முடிவாகிவிட்டது.

வடக்குப்பட்டு பெருந்தேவிக்கு அதில் கவனம் போகவில்லை. அவள் புருஷன் பச்சையப்பன் இரும்பு வார்க்கிற கம்பெனியில் வருஷக்கணக்காகத் தூசியைச் சுவாசித்து நுரையீரலைத் தொலைத்தவன். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அவனுக்கு மூச்சு. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அவளுக்குத் தெரிந்த மின்சாரப் பிரச்சினை அவ்வளவுதான்.

அந்த விஷயம் ஊருக்கும் தெரியும். அதனால்தான் உலை வேண்டுமா வேண்டாமா என்று பேச ஊரில் கூட்டிய கூட்டத்துக்கு முன்தினம் ஸ்ரீதர் தேடி வந்தார். எஞ்சினியர், நல்ல மனுஷர்.

"வெயிலும் காத்தும் நாம சொன்னபடி கேக்காதும்மா. இவருக்கு நிக்காம கரண்ட் வேணும்னா அணுமின்சாரம்தான் வழி. நாளைக்கு வந்து உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க."

அவர் போனபிறகு எழிலரசி வந்தாள். உலை வேண்டாம் என்கிற குழுவில் இருப்பவள்.

"அக்கா, இருக்கிற கரண்ட்ட கம்பெனிங்களுக்குக் குடுத்துட்டு உங்க தெருவ நிறுத்துறாங்க. கூரைக்குக் கூரை சோலார் வெச்சா போதாதா? அந்த உலைக் கழிவ எங்க கொண்டுபோய் வெப்பாங்க? நீங்கதான் வந்து பேசணும்."

இரண்டு பேரும் சொன்னது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. இரண்டு பேருக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு சரோஜாவைப் புருஷனுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுக் கூட்டம் நடக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போனாள்.

"சுருக்கா வந்துடுடி. அவசரத்துக்கு வெச்சிகிற ஆக்சிஜன் சிலிண்டரெல்லாம் எனக்குத் திறக்க வராது" என்றாள் சரோஜா.

மண்டபம் நிறைந்திருந்தது. ஸ்ரீதர் மைக்கைப் பிடித்ததும் முன்வரிசையைக் காட்டி, "இந்தம்மாவப் பாருங்க" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். அடுத்து எழிலரசியும் அதே மாதிரி கைநீட்டினாள். பெருந்தேவிக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் ஆட்கள் கத்தினார்கள். அவளைப் பேசக் கூப்பிடவேண்டும் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. அந்தச் சத்தத்தில் மடியிலிருந்த போன் அதிர்ந்ததைத் தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

"எத்தினி வாட்டி அடிக்கிறது! கரண்ட் பூடுச்சுடி. அண்ணன் மூச்சு இழுத்துகினு கீறாரு" என்று சரோஜா அழுதாள்.

"இங்க ஃபேன் ஓடுதே…"

சொல்லும்போதே மண்டபத்தின் பின்னாலிருந்து ஜெனரேட்டர் உறுமுவது அவள் காதில் விழுந்தது.

வாசலில் நின்ற டில்லிபாபுவின் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் பறந்தாள். பச்சையப்பன் கட்டிலில் குந்தி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் காற்றைத் தேடிக்கொண்டிருந்தான். உதடு நீலம் பூத்திருந்தது. சிலிண்டரைத் திருகித் திறந்து குழாயை மூக்கில் மாட்டினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். விடவில்லை. ஒரு கையாலேயே மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"லைன்ல வேலை நடக்குதும்மா. எப்ப வரும்னு சொல்ல முடியாது."

சிலிண்டரோடு அவனைத் தூக்கி ஆட்டோவில் வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கிவிட்டது.

ஸ்ரீதரும் எழிலரசியும் வார்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இருவர் கண்ணிலும் உண்மையான வருத்தம் இருந்தது. "இன்னிக்குச் சொன்னா உலை கட்ட எத்தனை வருஷம் ஆவும் சார்?" என்று எழிலரசி மெதுவாகக் கேட்டாள். "உங்க சோலார் பொழுது சாஞ்சா என்ன செய்யும்?" என்றார் அவர். நோயாளிகள் தூங்குகிறார்கள் என்று நர்ஸ் அதட்ட, இருவரும் தாழ்வாரத்துக்குப் போய்ப் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

ஒரு வாரத்தில், பச்சையப்பனை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர்.

"சார், வெயில் தணியுற வரைக்கும் இங்கியே வெச்சிக்க மாட்டீங்களா? எங்க தெருவுல கரண்ட் அடிக்கடி போயிடுது."

"இங்க செய்ய ஒண்ணுமில்லம்மா. இவருக்கு வேண்டியது ஆக்சிஜன்தான். அந்த மெஷின் வீட்லயே இருக்குதே? பெட்டுக்கு ஆளுங்க காத்துகிட்டு இருக்காங்க."

அவர் சொன்னதும் சரிதான். பெருந்தேவி கட்டில் மேலிருந்த போர்வையை உதறி மடிக்கத் தொடங்கினாள்.